குட்டையோரப் பறவைக்கு என்ன நிறக் கால்

ஞாயிற்றுக்கிழமைகளில் பல் டாக்டரின் கிளினிக்கில் பல் பிடுங்குவதில்லை. நோயாளிகள் கன்னத்தைப் பிடித்தபடி காத்திருக்கும் நாற்காலிகளில் அன்று இயற்கை ஆர்வலர் சங்கம் உட்கார்ந்திருக்கும். ஆள் எட்டுப் பேர்தான், சத்தம் எண்பது பேருக்கு. ஒரு சிலந்தியை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை அடித்துக்கொள்வார்கள், பிறகு ஒரே ஃபிளாஸ்க்கிலிருந்து டீ குடிப்பார்கள்.

சலவைக் கடை நடத்தும் அண்ணிக்கு இந்தக் கூட்டத்தைக் கண்டாலே ஆகாது. புருஷன் பூட்டுக்காரர். சாவி தொலைத்தவர்கள் கடை வாசலில் தவம் கிடக்க, இவர் தவளையைத் தேடிப் போய்விடுவார்.

இன்று அண்ணி வந்திருப்பதற்குக் காரணம் உண்டு. நேற்று மாலை, பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் குட்டையில் பூட்டுக்காரர் ஒரு பறவையைப் பார்த்துவிட்டார். ஊரில் இதுவரை யாரும் பார்க்காதது என்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் பேரில் ஒரு ஈ கூடப் பதிவானதில்லை, பாவம். ராத்திரி சோறு இறங்கவில்லை மனிதருக்கு.

சங்கத்தில் ஒரு சட்டம் இருந்தது. புதுப் பறவைக்கு இன்னொரு சாட்சி வேண்டும், அது வீட்டு ஆளாக இருக்கக் கூடாது. முன்பு ஓர் உறுப்பினரின் மனைவி, புருஷன் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தேன் என்றாலும் தலையாட்டியதால் வந்த சட்டம். ஆனால் நேற்று அங்கே இருந்த இன்னொரு ஆள், துணி மூட்டையோடு நின்ற அண்ணி மட்டும்தான்.

"கால் என்ன நிறம்?" என்றார் டாக்டர்.

"பழுப்பு" என்றார் பூட்டுக்காரர், நெஞ்சை நிமிர்த்தி.

டாக்டர் படப் புத்தகத்தைப் புரட்டினார். முகம் சுருங்கியது. "பழுப்புக் காலுன்னா இது நம்ம பழைய ஆளுதாண்ணே. தினமும் பாக்குறதுதான்."

பூட்டுக்காரரின் தோள் தொங்கிப்போனது. அவருக்குச் சிவப்பும் பழுப்பும் ஒன்றுதான் என்பது உலகத்தில் அண்ணிக்கு மட்டும் தெரிந்த ரகசியம். காலுறையை ஜோடி சேர்த்து வைப்பதே அவள்தான். 'பறவை பாக்குறவனுக்கு நிறம் தெரியலைன்னா சிரிப்பாங்கடி' என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தார். வாயைத் திறந்தால் மானம் போகும், மூடினால் பறவை போகும்.

அண்ணி அந்தத் தொங்கிய தோளை இன்னொரு தடவை பார்த்தாள்.

"சிவப்பு" என்றாள். "நல்ல ரத்தச் சிவப்பு."

"பொண்டாட்டி சாட்சி செல்லாதே" என்றாள் சங்கத்து உறுப்பினரான தபால்காரி.

"அது ஒத்து ஊதுற பொண்டாட்டிக்கு" என்றார் டாக்டர். "நம்ம அண்ணி, அண்ணன் சொன்னதை என்னிக்காவது ஒத்துக்கிட்டிருக்காங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். பூட்டுக்காரர் மட்டும் எழுந்து நின்றார். "அவ சொல்றதுதான் சரி. எனக்குச் சிவப்பு தெரியாது."

சிரிப்பு நின்றது. தபால்காரி ஃபிளாஸ்க்கைத் திறந்தபடி சாவகாசமாகச் சொன்னாள்: "அது எப்பவோ தெரியும்ணே. காளான் பொறுக்கப் போனா உங்க கூடையை மறுபடி சலிச்சுப் பாக்குறது யாருங்கறீங்க? நான்தான். நீங்க நல்ல காளானோட விஷக் காளானையும் சேத்துப் பொறுக்குவீங்க."

"பறவைக் குரல் கேக்குற வேலையை உங்களுக்கே குடுத்ததும் அதனாலதான்" என்றார் டாக்டர். "அப்புறம் பார்த்தா, உங்க காது மாதிரி எங்க யாருக்கும் இல்லை."

இந்த மனிதரைத் தான் ஒருத்திதான் கட்டிக் காப்பதாக இத்தனை நாள் அண்ணி நினைத்திருந்தாள். எட்டுப் பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, டீயை அவளே வாங்கி எல்லோருக்கும் ஊற்றினாள். டாக்டர் சிவப்புக் கால் பறவையைப் புதுசு என்று பதிவேட்டில் ஏற்றி, சாட்சி என்ற இடத்தில் 'அண்ணி' என்றே எழுதினார்.

வீடு திரும்பும் வழியில் பூட்டுக்காரர் குட்டையருகே நின்றார். பறவை இல்லை. சேறுதான் இருந்தது.

"அழகான பறவை, இல்ல?" என்றார் தயங்கித் தயங்கி, வழக்கமான மறுப்புக்குத் தயாராக.

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா" என்றாள்.