அட்சதை போட்ட கை

இன்னும் கீழே விழவில்லை அந்த அட்சதை. அங்கேயே நிற்கிறது, மஞ்சளாக, சிவராஜின் தலைக்கு மேல்.

ஜன்னல் கம்பியில் வழியும் மழையைப் பார்த்தபடி வத்சலா இப்படி நினைத்துக்கொண்டிருந்தாள். டாக்குரியா ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய லோக்கல் ரயில் ஒன்று நனைந்த சத்தத்தோடு அறைக்குள் வந்து, போயிற்று. எதிரே, அவளோடு சேர்ந்து கல்யாண காண்ட்ராக்ட் எடுக்கும் கிரிதர் போனை நீட்டிக்கொண்டிருந்தான். இந்த வங்காள ஊரிலேயே பிறந்தவன். அக்கா என்பது அவன் வாயில் தீதி.

"தீதி, குரூப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் போடு. வீடியோ எடுக்கற சிவராஜை இனிமே யாரும் கூப்பிடாதீங்கோன்னு. இங்க தமிழ்க் கல்யாணம் எடுத்து நடத்தறவா எல்லாரும் அதுல இருக்கா. நீ சொன்னாத்தான் கேப்பா."

"அப்புறம் அவன் என்ன பண்ணுவான்?"

"பெங்காலி கல்யாணத்துக்குப் போகட்டும். அங்க கெட்டிமேளம் கிடையாது, பொழச்சுப்பான்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அங்கே அவனை யாருக்குத் தெரியும்?

போன மாதம், அவர்கள் எடுத்து நடத்திய மதுவந்தியின் கல்யாணத்தில் நடந்தது. கெட்டிமேளம் கொட்டியதும், வீடியோ எடுத்துக்கொண்டிருந்த சிவராஜ் காமிராவைத் தோளில் தொங்கவிட்டு, பக்கத்துத் தட்டிலிருந்து இரண்டு கையாலும் அட்சதையை அள்ளிப் போட்டான். சின்ன வயதிலிருந்து பழகிய கை. அந்தச் சத்தம் கேட்டதும் தானே எழுந்துவிட்டது. தாலி கட்டியது படத்தில் இல்லை. ஒரு நாற்காலியின் காலும் யாரோ ஒருவரின் பாதங்களும் இருந்தன. அதைப் பார்த்து மதுவந்தி அழுதாள்.

"அவளுக்கு அந்த நிமிஷம் திரும்பி வருமா, தீதி?"

"வராது."

"அப்போ?"

மழைத் தண்ணீருக்குள் தெரிவதுபோல் சிவராஜின் முகம் தெரிந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. யாரென்றே தெரியாத ஒரு பெண் நன்றாக இருக்கட்டும் என்பதைத் தவிர அந்த முகத்தில் வேறெதுவும் இல்லை. தான் வேலைக்கு வந்தவன் என்பதுகூட.

"முகூர்த்தம் எடுக்க அவனை விடமாட்டேன். சாயங்காலம் ரிசப்ஷனுக்குக் கூப்பிட்டுக்கறேன்."

"அது நம்ம பாடு. குரூப்ல?"

அவள் போனை வாங்கினாள். பிறகு மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"நான் சொல்லலை, கிரி."