கோல் ஜட்ஜ் சிவனேஸ்வரி

பனிக்கட்டி ஹொக்கி பார்க்கப் போகிறேன் என்றால் எங்கள் சனம் முதலில் கேட்பது, "உமக்கென்ன விசரோ?" என்றுதான். ஓம், விசர்தான். நான் மறைக்கவில்லை. 1986 ஒக்ரோபரிலிருந்து 1988 மார்ச் வரை எங்கள் றொக்கெற்ஸ் அணி சொந்த அரங்கில் ஆடிய ஒரு மட்சைக்கூட நான் தவறவிட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறேன். மச்சாளின் மகளுடைய சாமத்திய வீட்டுச் சடங்கிலிருந்து சாப்பாட்டுக்கு முன்னமே எழும்பிப் போயிருக்கிறேன். அந்த மச்சாள் இன்றைக்கும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

எனக்கு வேலை நூலகத்தில். காலை ஒன்பதிலிருந்து ஐந்தரை மட்டும் குசுகுசுவென்றுதான் கதைக்க வேண்டும். மோர்டனில் எங்கள் வீட்டுச் சுவர் மெல்லிசு. பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் எங்கள் குசினியில் கேட்கும். என் மனுசன் குகதாசனுக்குத் தபால் கந்தோரில் இரவு ஷிப்ட், பகலெல்லாம் நித்திரை. கடவுள் எனக்குத் தந்ததோ ஒலிபெருக்கித் தொண்டை. அதை வைத்துக்கொண்டு இந்த லண்டனில் நான் எங்கே போவது?

அப்படி இருக்கையில்தான் நூலகத்துக்கு இரண்டு இலவச ரிக்கெற் வந்து, ஒருவருக்கும் வேண்டாமென்று மேசையில் கிடந்தது. ஞாயிறு பின்னேரம் ஆறு மணி மட்ச். 118 பஸ்ஸில் ஏறி ஸ்ரெதம் பக்கம் இறங்கினால் அரங்கு. உள்ளே இரண்டாயிரம் சனம் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. கத்துவதற்கு அங்கே ஒருவரும் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஐயோ, அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்ல! பத்து நிமிசத்தில் நானும் எழும்பி நின்று, "அடியடா! அடியடா!" என்று கத்தினேன். எனக்குப் பக்கத்தில் நின்ற மோரீன் என்ற வெள்ளைக்காரி அதையே பழகிக்கொண்டாள். அடுத்த மாதம் நாங்கள் நின்ற பகுதி, பீ புளொக் முழுக்க "அடியடா" என்று கத்தியது.

விளையாட்டுத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பந்துக்குப் பதில் 'பக்'. ஓட்டை இல்லாத உழுந்துவடை அளவில் ஒரு கறுத்த றப்பர் வட்டு. கோல் வாசலில் பனிக்கட்டிக்குள் ஒரு சிவப்புக் கோடு ஓடும். பக் முழுவதும் அந்தக் கோட்டைத் தாண்டினால்தான் கோல். கோல் வலைக்குப் பின்னால் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் இருப்பார், அவர்தான் கோல் ஜட்ஜ். பக் தாண்டினதைக் கண்டால் பொத்தானை அமத்துவார், வலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். இவ்வளவுதான்.

மற்ற விதிகளெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நூலகக்காரி அல்லவா? விதிப் புத்தகத்தை வேறு நூலகத்திலிருந்து எடுப்பித்துப் படித்தேன். றெஃபரி பிழைவிட்ட நாட்களில் பக்க எண்ணோடு கிளப்புக்குக் கடிதம் போட்டேன். இரண்டு வருசத்தில் பதினேழு கடிதம்.

அதுதான் வினையாகப் போயிற்று. 1988 மார்ச், கடைசி ஞாயிறு, பருவத்தின் கடைசி மட்ச். வடக்கே ஏதோ கடற்கரை ஊரிலிருந்து வந்த அணியோடு. சமப்படுத்தினாலே போதும், மேல்பிரிவில் நிற்போம். தோற்றால் கீழ்ப்பிரிவு. மட்ச் தொடங்க இருபது நிமிசம் இருக்கும்போது கிளப் செயலாளர் மூச்சிரைக்கப் பீ புளொக்குக்கு ஓடி வந்தார். வழமையான கோல் ஜட்ஜ் வீட்டுப் படியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டாராம்.

"பதினேழு கடிதம் எழுதினவ நீங்கள்தானே? விதி தெரிஞ்ச ஆள் இப்ப வேற ஒருத்தரும் இல்லை. வாங்கோ. ஒரே ஒரு நிபந்தனை. கூண்டுக்குள்ள வாயே திறக்கக் கூடாது."

பீ புளொக் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசி மட்ச் என்று அன்றைக்கு நித்திரையை விட்டுக் கூட வந்திருந்த என் மனுசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"இஞ்சரும், உமக்கு ஏலுமோ? நித்திரையிலயும் கதைக்கிற ஆள் நீர்."

"ஏன் ஏலாது? பாத்துக்கொண்டிருங்கோ," என்றேன். சேலைக்கு மேல் கோட், கோட்டுக்கு மேல் அவர்கள் தந்த வெள்ளை ஜக்கெற். கண்ணாடிக் கூண்டுக்குள் போய் இருந்தேன்.

முதல் பகுதியில் எங்கள் வலைதான் எனக்கு முன்னால். எங்கள் கோலி, வலை காக்கிற கெவின், கனடாப் பெடியன், கையெட்டும் தூரத்தில் நின்றான். இரண்டு தரம் பக் அவனைத் தாண்டி வந்தது. இரண்டு தரமும் என் கையாலேயே சிவப்பு விளக்கைப் போட்டேன். எங்கள் சனமே "பூஊஊ" என்று ஊளையிட்டது. விளையாட்டுக்குத்தான், ஆனாலும் சுட்டது.

இரண்டாம் பகுதியில் அணிகள் பக்கம் மாறின. எங்கள் பெடியள் என் முன்னால் நான்கு கோல் போட்டார்கள். நான்கு! ஒவ்வொன்றுக்கும் அரங்கு இடிந்தது. நான் மட்டும் கோயிலில் பூசை பார்ப்பவள்போல வாயை மூடிக்கொண்டு, விரலால் பொத்தானை அமத்தினேன். சந்தோசத்தை இப்படி விழுங்கினால் நெஞ்சு நோகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றாம் பகுதியில் மறுபடி கெவின் என் முன்னால். அவர்கள் மூன்று போட்டார்கள், நாங்கள் ஒன்று. ஐந்துக்கு ஐந்து.

நாற்பத்திரண்டு செக்கன் மிச்சம்.

அப்போதுதான் அது நடந்தது. வலை வாசலில் ஏழெட்டுப் பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். கெவினின் கால் கவசத்துக்கு அடியிலிருந்து பக் மெல்ல, மிக மெல்ல வழுக்கி வந்தது. கோட்டில் ஏறியது. கோட்டைத் தாண்டியது. சிவப்புக் கோட்டுக்கும் கறுத்த பக்குக்கும் இடையில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பனிக்கட்டி தெரிந்தது. நான் கண்டேன். அடுத்த கணம் கெவின் கையுறையால் அதை இழுத்துத் தனக்குக் கீழே போட்டுக்கொண்டு படுத்துவிட்டான். விசில் ஊதியது.

என் விரல் பொத்தானில் இருந்தது. அமத்தவில்லை. மறந்துபோனேன், பயந்துபோனேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வேண்டுமென்றேதான் அமத்தாமல் இருந்தேன். மேல்பிரிவு, என் ஞாயிற்றுக்கிழமைகள், பீ புளொக், எல்லாம் அந்த ஒரு விரலில் நின்றன.

எதிரணிக்காரர் கோல் கோல் என்று கையைத் தூக்கிக் கத்தினார்கள். றெஃபரிக்கு ஆட்கள் மறைத்துவிட்டார்கள், அவர் காணவில்லை. சறுக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, "உள்ளே போனதா?" என்று கேட்டார்.

முகத்துக்கு நேரே கேட்டால் எனக்குப் பொய் வராது. வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. தலையை ஆட்டினேன். ஓம், போனதுதான் என்று நாங்கள் ஆட்டுவோமே, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக, அப்படி.

அவர் "நன்றி" என்றார். திரும்பிப் போய், இரண்டு கையையும் அகல விரித்தார். கோல் இல்லை!

அரங்கு வெடித்தது. மோரீன் வாங்கில் ஏறித் துள்ளினாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. ஓம் என்றல்லவா சொன்னேன்? பிறகுதான் மண்டையில் உறைத்தது. அட பாவி மனுசா! என் ஓம் உனக்கு இல்லையாகப் போயிற்றா?

மனம் உடனே வழக்காடத் தொடங்கியது. நீ உண்மையைச் சொல்லிவிட்டாய், சிவனேஸ்வரி. விளங்காதது அவன் பிழை. பேசாமல் இரு. ஒருவருக்கும் தெரியாது. அங்கே றெஃபரி கையில் பக்கை எடுத்துவிட்டார். அதை அவர் கீழே போட்டு ஆட்டம் தொடங்கினால் பிறகு ஒன்றும் மாற்ற ஏலாது. விதி அது, பக்க எண்ணும் எனக்குத் தெரியும்.

இரண்டு வருசமாக எத்தனை றெஃபரிமாரைக் "கள்ளன், கள்ளன்" என்று கத்தியிருப்பேன்! இப்போது இந்த அரங்கில் இருக்கிற கள்ளி யார்? எனக்கு என்மேலேயே அப்படியொரு கோபம் வந்தது. எழும்பி, இரண்டு கையாலும் கண்ணாடியில் அடித்தேன். கடவுள் தந்த தொண்டை முழுவதையும் திறந்தேன்.

"கோல்! அது கோல்! நான் ஓம் எண்டுதான் சொன்னனான்!"

பாதி ஆங்கிலம், பாதி தமிழ். அரங்கின் கடைசி வரிசை வரை கேட்டிருக்கும். இரண்டாயிரம் சனமும் என் கூண்டுப் பக்கம் திரும்பியது. றெஃபரி திரும்பி வந்தார்.

"நீ இல்லை என்றல்லவா தலையாட்டினாய்?"

"அது ஓம்! எங்கட ஆக்களுக்கு அதுதான் ஓம்! ஒரு விரல் உள்ள போனது. நான் விளக்குப் போடாதது என்ர பிழை."

அவர் கெவினைப் பார்த்தார். கெவின் பனிக்கட்டியைப் பார்த்தான். றெஃபரி வலையைக் காட்டிக் கையை நீட்டினார். நான் பொத்தானை அமத்தினேன், சிவப்பு விளக்கு எரிந்தது. ஐந்துக்கு ஆறு.

இந்த முறை வந்த ஊளை விளையாட்டுக்கு இல்லை.

நாற்பத்திரண்டு செக்கன். கெவினை வெளியே எடுத்து, பதிலுக்கு இன்னொரு ஆட்டக்காரனை இறக்கி, வலையை வெறுமையாக விட்டு, ஆறு பேரும் எதிர்ப் பக்கம் பாய்ந்தார்கள். அந்த வெறும் வலைக்குப் பின்னால் நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். போடுங்கோடா, முருகா, போடுங்கோடா. மூன்று செக்கன் இருக்கும்போது ஒரு அடி. 'டங்' என்று கம்பத்தில் பட்ட சத்தம் என் கூண்டு வரை கேட்டது. ஹோர்ன் ஊதியது. முடிந்தது. கீழ்ப்பிரிவு.

வெள்ளை ஜக்கெற்றைக் கழற்றிச் செயலாளரிடம் கொடுத்தேன். என் கைப்பை பீ புளொக்கில் இருந்தது, எடுக்கப் போயே ஆகவேண்டும். மோரீன் சிவந்த முகத்தோடு நின்றாள். அவள் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன், கெட்ட சொற்களை விட்டுவிட்டு.

"அவன் இல்லையெண்டு தீர்ப்புச் சொல்லிட்டான். நீயும் இல்லையெண்டுதான் தலையாட்டினனி, நான் என்ர கண்ணால பாத்தனான். பிறகேன் வாயைத் திறந்தனி?"

"மோரீன், அது 'இல்லை' இல்லை. அது ஓம்." தலையை ஆட்டிக் காட்டினேன். "இதுதான் எங்களுக்கு ஓம்."

அவள் என்னையே பார்த்தாள். கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஏதோவாக மாறியது.

"பொறு. ஒவ்வொரு ஞாயிறும் மட்ச் முடிய, பப்புக்கு வாறியோ எண்டு நான் உன்னைக் கேக்கிறனான் எல்லோ?"

"ஓம், கேக்கிறனி."

"நீ ஒவ்வொரு முறையும் இப்பிடித்தானே தலையாட்டுறனி!"

ஒவ்வொரு ஞாயிறும் அவள் கேட்டாள், ஒவ்வொரு ஞாயிறும் நான் ஓம் என்று தலையாட்டினேன். அவர்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு என்னை விட்டுவிட்டுப் போனார்கள். வெள்ளைக்காரர் வாய் உபசாரத்துக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்து, பஸ் தரிப்பில் நின்று எத்தனை நாள் கண் கலங்கியிருக்கிறேன்! அதைக் குகதாசனிடம்கூடச் சொன்னதில்லை.

"நான் வரத்தான் இருந்தனான்," என்றேன். "இரண்டு வருசமா வரத்தான் இருந்தனான், மோரீன்."

"உனக்கு எங்களைப் பிடிக்கேல்லை எண்டெல்லோ நாங்கள் நினைச்சம்," என்றாள் அவள். பிறகு நம்பாதவள்போல என் மனுசனிடம் திரும்பினாள். "இவள் சொல்லுறது உண்மையோ?"

குகதாசன் தலையை ஆட்டினார். இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக.

"பாருங்கோ, அவரே இல்லையெண்டுறார்!" என்று பின் வரிசையில் ஒருவன் கத்தினான். பீ புளொக் சிரித்தது. கீழ்ப்பிரிவுக்குப் போன துக்கத்திலும் சிரித்தது.

"இஞ்சேரப்பா, வாயைத் திறந்து சொல்லுங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் பனிக்கட்டி துடைக்கிற வண்டிக்காரன்கூட வண்டியை நிறுத்திப் பார்த்தான்.

"யெஸ்," என்றார் என் மனுசன். "யெஸ், யெஸ். அவ சொல்லுறது சரி."

மோரீன் மூக்கைச் சிந்தினாள். கோட்டைப் போட்டுக்கொண்டாள். "எங்களைக் கீழ்ப்பிரிவுக்கு அனுப்பினவள் நீ. அதை நான் சாகுமட்டும் மறக்க மாட்டன்," என்றாள். பிறகு என் கைப்பையை எடுத்து என் கையில் வைத்தாள். "பப்புக்கு வாறியோ?"

நான் தலையை அசைக்கவே இல்லை. இரண்டு கையாலும் கைப்பையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நேரே வைத்துக்கொண்டு, "வாறன்!" என்று கத்தினேன்.