மதாம் வெர்னெயின் நீல கவுன்

அளவு பார்க்கும் அறையில் மதாம் வெர்னெய் உள்சட்டையைக் கழற்ற மறுத்தாள். தோளில் பட்டியே இல்லாத மாலை கவுனுக்கு உள்சட்டைக்கு மேல் அளவெடுத்தால் சரிப்படாது என்று தையல்காரி ஒதில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பாரிஸின் அந்தத் தையலகத்தில் பதினெட்டு வருஷமாக அவள் கைபடாத மாலை உடுப்பு எதுவும் வாசல் தாண்டியதில்லை.

கடைசியில், துணி காட்ட வந்திருந்த விற்பனைக்காரி கிஸ்லேனை வெளியே அனுப்பிவிட்டு மதாம் சட்டையைக் கழற்றினாள். இடது மார்பு இருந்த இடத்தில் அக்குள்வரை ஒரு தழும்பு ஓடியது.

“போன வருஷம் எடுத்துட்டாங்க. வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஜூன் மாச நடனத்துக்கு கழுத்தை மூடிக்கிட்டுப் போனா, ஊரே ஏன்னு கேக்கும்.”

ஒதில் அளவு நாடாவை எடுத்தாள். பிறகு அளவெடுக்கத் தொடங்கினாள்.

“கவுன் மார்புல நிக்கறதில்ல மதாம். இடுப்புல நிக்குது. உள்ளே ஒரு பட்டி வச்சு இறுக்கிடுவேன், மொத்த பாரத்தையும் அது தாங்கிக்கும். மேல இருக்கறது சும்மா ஒட்டிக்கிட்டிருக்கும்.”

வலைத்துணியில் உள்கச்சை தைத்து, அதை விறைப்பாக நிறுத்தப் பதினோரு எலும்புக் கம்பிகளைச் செருகினாள். இடது பக்கத்தைப் பஞ்சாலும் வலைத்துணி அடுக்குகளாலும் நிரப்பினாள். கண்ணாடி முன் நின்றபோது குறை தெரியவில்லை. ஆனால் மதாம் குனிந்ததும் வலது பக்கம் அசைந்தது, இடது பக்கம் மரம் மாதிரி நின்றது.

“ஆடிப் பார்த்தாதான் புரியும்” என்று ஒதில் அவள் இடுப்பில் கைவைத்து வால்ட்ஸ் ஆடத் தொடங்கினாள். ஊசிகள் குத்தியிருந்த கவுன் தரையைப் பெருக்கியது. மதாமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கதவைத் திறந்த கிஸ்லேன் அப்படியே நின்றாள். “அடடே, ஆம்பளை வேஷம் உனக்கு நல்லாவே பொருந்துதே, ஒதில்!”

“உன் முறை வரும்போது சொல்லி அனுப்பறேன். கதவைச் சாத்து.”

அன்று மாலையே பஞ்சைப் பிரித்தாள். பாவாடை விளிம்பு பறக்காமலிருக்க வைத்துத் தைக்கும் ஈயக் குண்டுகளில் ஒரு பிடி எடுத்து, சின்னப் பையில் போட்டு உள்ளே தொங்கவிட்டாள். அடுத்த முறை குனிந்தபோது இரண்டு பக்கமும் ஒன்றாக இறங்கின.

கவுனை வரைந்த முதலாளி கடைசிப் பார்வைக்கு வந்தார். மடிப்பைச் சரிசெய்யப் போன அவர் விரல் இடது பக்கத்தில் நின்றது. ஒதிலைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“இடுப்புப் பட்டியை இன்னும் அரை சென்டிமீட்டர் இறுக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நடனத்தன்று மதாம் பதினாலு ஆட்டம் ஆடியதாகக் கிஸ்லேன் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். மதாமைப் பற்றி வேறு எந்தப் பேச்சும் வரவில்லை.

அக்டோபரில் மதாம் மறுபடி வந்தாள். ஒதிலைத்தான் கேட்டாள். இந்த முறை உள்சட்டையை அவளே கழற்றி நாற்காலியில் போட்டாள்.

“முதுகு முழுக்கத் திறந்து வேணும்.”

முதுகில் துணியே இல்லாவிட்டால் கம்பிகளை எங்கே நிறுத்துவது? ஒதில் நாடாவைக் கழுத்திலிருந்து உருவினாள்.

“திரும்பி நில்லுங்க மதாம்” என்றாள்.