படகில் சொன்ன ஒரு வார்த்தை

மலேசியாவின் கோத்தா திங்கியில் வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், தேவானந்தன் வாசல் சேற்றை வழித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அய்யாவு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றார்.

“டிரெசர் ஐயா, நீங்க மட்டும் பொம்பாகாரங்ககிட்ட சொல்லலைன்னா நான் செத்தே போயிருப்பேன்.”

தேவானந்தன் பழத்தை வாங்கிக்கொண்டார். “பரவால்ல” என்றார்.

இருவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. அய்யாவு கொட்டிய மண் சாக்கடையை அடைத்ததில் வந்த சண்டை. அய்யாவு செம்பனைக் குலை வெட்டி இடுப்பு போனவர், தனியாள். தேவானந்தன் தோட்ட ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் டிரெசராக இருந்து, ஊசி போட்டுக் காயம் கட்டி ஓய்வு பெற்றவர். தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் மூப்பர்.

நடந்தது வேறு. வெள்ளத்தன்று மத்தியானம் பொம்பா என்ற தீயணைப்புப் படையின் படகு வந்து அவரையும் மனைவி சுபத்திராவையும் ஏற்றிக்கொண்டது. படகோட்டி அய்யாவு வீட்டைக் காட்டி, “சானா அடா ஓராங்?” என்று மலாயில் கேட்டார். அங்கே யாராவது இருக்கிறார்களா?

கதவு மூடியிருந்தது. ஆனால் அய்யாவுவின் மோட்டார் சைக்கிள் ஜன்னல் கம்பியில் கட்டிக் கிடந்ததைத் தேவானந்தன் பார்த்தார். அது இல்லாமல் அந்த மனிதர் எங்கும் போகமாட்டார்.

“தா அடா” என்றார். இல்லை.

சுபத்திரா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். படகு திரும்பிவிட்டது. மறுநாள் காலையில்தான் வேறொரு படகு, அலமாரிமேல் குந்தியிருந்த அய்யாவுவை இறக்கிக்கொண்டு போனது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், அய்யாவு சொல்லிக் கேள்விப்பட்ட பாஸ்டர் கிருபானந்தன் அறிவிப்பு வாசித்தார். “நம்ம மூப்பர் சண்டையெல்லாம் மறந்து அண்டை வீட்டுக்காரரோட உயிரைக் காப்பாத்தியிருக்காரு.” சபை கைதட்டியது. சுபத்திரா குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடினார்.

அன்று அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து. அப்பத் தட்டை ஏந்துவது தேவானந்தனின் வேலை. பாவ அறிக்கை ஜெபத்தில் எல்லோரும் சேர்ந்து சொன்னபோது அவர் வாய் திறக்கவில்லை. தட்டை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரின் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னார். பாஸ்டருக்கு முப்பது வயதுதான். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“தினமும் மன்னிப்பு கேக்குறேன் பாஸ்டர். மனசு அடங்கல.”

“என்னன்னு கேக்குறீங்க அங்கிள்?”

“என் பாவங்களை மன்னியும்னு.”

“மொத்தமாவா?”

தேவானந்தன் தலையசைத்தார்.

“மொத்தமா கேட்டா வெக்கம் தெரியாதுல்ல” என்றார் பாஸ்டர் மெதுவாக. “ஆண்டவர் மன்னிப்பாரு. அதுக்குத்தானே சிலுவைக்குப் போனாரு. ஆனா செஞ்சதை அப்படியே சொல்லிருங்க. அப்புறம் அய்யாவு வீட்டுக்குப் போங்க. அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்குங்க.”

தேவானந்தன் முழங்காலிட்டார். “ஆண்டவரே, அய்யாவு உள்ள இருந்தாரு. தெரிஞ்சே இல்லைன்னேன்” என்றார். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

சாயங்காலம் புறப்பட்டபோது சுபத்திராவும் செருப்பை மாட்டிக்கொண்டார். “நானும் வரேன். எனக்கு வாய் இருந்துச்சு. நானும்தான் தொறக்கல.”

அய்யாவு மெத்தையை வெயிலில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். தேவானந்தன் உட்காராமல் நின்றபடியே சொல்லி முடித்தார். அய்யாவு மெத்தையைக் கீழே விட்டார்.

“நெஞ்சு வரைக்கும் தண்ணி, டிரெசர் ஐயா. ராத்திரி பூராவும் கத்துனேன். நீங்க எப்படியும் ஆள் அனுப்புவீங்கன்னுதான் நெனச்சேன்.”

“மன்னிச்சிருங்க அய்யாவு.”

“என்னையும் மன்னிச்சிருங்க” என்றார் சுபத்திரா.

“மன்னிக்க இப்ப மனசு வரல. போங்க ரெண்டு பேரும்.”

அடுத்த ஞாயிறு தேவானந்தன் சபையின் முன் நின்று நான்கே வாக்கியத்தில் உண்மையைச் சொல்லி, மூப்பர் பொறுப்பை விட்டுவிட்டார். திருவிருந்து வந்தபோது கடைசி ஆளாகப் போய் முழங்காலிட்டுக் கையை நீட்டினார். பாஸ்டர் அப்பத்தை வைத்து, “இது உங்களுக்காக, அங்கிள்” என்றார். இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் ஏந்திக்கொண்டு போனது அன்றுதான் தனக்கென்று வந்ததுபோல் இருந்தது. வெட்கம் போகவில்லை. அந்த வெட்கத்தோடேயே வாங்கிச் சாப்பிட்டார்.

அய்யாவு பேசாமலேயே இருந்தார். தேவானந்தன் ஒவ்வொரு நாளும் வணக்கம் சொல்வார், பதில் வராது. மூன்று மாதம் கழித்து, ஒரு மத்தியானம் வானம் கறுத்தபோது அய்யாவு தானாகவே வேலியோரம் வந்தார்.

“இந்த வாட்டி தண்ணி ஏறுனா என்னையக் கூப்பிடுவீங்களா?”

“மொதல்ல உங்களத்தான்.”

சொல்லும்போது தேவானந்தனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அய்யாவு வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, “சரி, மழை வருது. உள்ள போங்க” என்று சொல்லிவிட்டு நடந்தார்.