வராத விலைகள்

ஞாயிறு மத்தியானம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நாலு பேர் இருந்தோம். என் மனைவி நாகலெட்சுமி அடுப்புக்குப் பக்கத்தில், பலகையில். அவள் தம்பி அழகன் கவிழ்த்த வாளியின் மேல், மடியில் விலை நோட்டு. பக்கத்து வீட்டுச் செல்லசாமியண்ணன் வாசற்படியில். நான் கடதாசியும் பேனாவுமாக ஒரு உருளைக்கிழங்கு மூட்டை மேல். போன வாரம் தோண்டியது, மொத்தம் ஆறு மூட்டை.

ஆறையும் விதையாக வைத்து நட, மேட்டுத் தரிசில் நாற்பது பேர்ச், அதாவது கால் ஏக்கர், குத்தகைக்கு வேண்டுமென்று தோட்டத்தை நடத்தும் துரைக்கு நான் எழுத வேண்டும். அழகனின் திட்டம் அது. மூன்று வருடமாக, விலை சொன்னவர் பேரோடு அவன் எழுதிவந்த நோட்டில் கிழங்கு விலை ஒரு தரமும் விழவில்லை. அதை நம்பி, உரத்துக்குப் பணம் சேர்க்கவென்று, ஒரு மாதமாக வீட்டில் ரொட்டியும் சம்பலும்தான். நட்டு எடுக்கும்வரை இன்னும் ஆறு மாதம் அப்படியே.

“நேத்து கொழுந்து எடுக்கையில கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு” என்றாள் நாகலெட்சுமி.

“ஆறு மாசந்தானக்கா. நோட்டப் பாரு.”

செல்லசாமியண்ணன் சிரித்தார். “அதுல எம் பேரு எத்தன தரம் இருக்கு?”

“நாலு தரம். நுவரெலியாவுக்குக் கிழங்கு ஏத்திட்டு வந்து சொன்னீங்களே.”

“நான் ஏத்துனது ஒம்பது தரம்டா.”

“மிச்சத்த ஏண்ணே சொல்லல?”

“அடிமாட்டு வெலைக்குக் குடுத்துட்டு வந்தவன் ஒங்கிட்ட வந்து சொல்லிக்கிட்டா இருப்பான்? பேசாம படுத்துக்குவேன். லயமே அப்பிடித்தான்.”

அழகன் தாள்களைப் புரட்டினான். எல்லாம் சந்தோஷமாக வந்தவர்கள் சொன்ன விலைகள்.

“சரி, வெலையில கால்வாசி கொறச்சுப் போடுவோம். அப்பவும் நடலாம்.”

“கால்வாசின்னு யாரு சொன்னா?” என்றாள் நாகலெட்சுமி. “எவ்வளவு தப்புன்னு தெரிஞ்சாத்தானே கழிக்கிறதுக்கு?”

“அப்ப நடவே வேணாம்.”

“நல்ல வெலையும் நாலு தரம் வந்துச்சுல்ல. நடு. விழுந்தா எந்திரிக்கிற அளவுக்கு நடு.”

அழகன் நோட்டை மூடினான்.

“எந்திரிங்க” என்றாள் என்னிடம். நான் உட்கார்ந்திருந்த மூட்டையை அவிழ்த்து, சட்டி நிறையக் கிழங்கு எடுத்து அடுப்பில் வைத்தாள்.

வேறு தாளில் எழுதினேன். நாற்பது பேர்ச் பன்னிரண்டு ஆனது. விதைக்கு இரண்டு மூட்டை, டவுனில் விற்க மூன்று, வீட்டுக்கு அவள் அவிழ்த்த இது. கோந்து இல்லாததால் வெந்த கிழங்கை நசுக்கி உறையை ஒட்டினேன். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில், கடிதம் கொண்டுபோகும் தப்பால்காரர் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.