துரையைத் தூக்குற ஒத்திகை

மலைக்குப் போக எங்க வீட்டுல முதல்ல கட்டி முடிச்சது நாயோட பையைத்தான். மனுஷனுக்கு எது இருக்கோ இல்லையோ, துரைக்கு எல்லாம் வந்துடுச்சு. முதுகுல ரெண்டு பக்கமும் தொங்குற பை, மடக்குற தண்ணிக் கிண்ணம், கல்லு குத்தாம இருக்க நாலு காலுக்கும் செருப்பு. "குக்கருக்கு கேஸ்கெட் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது, அதுக்கு மட்டும் உங்களுக்கு நேரமில்ல"ன்னேன். வீட்டுக்காரர் காதுலயே போட்டுக்கல. தரையில உக்காந்து துரையோட முன்னங்காலைப் பிடிச்சு செருப்பு மாட்டிக்கிட்டிருந்தாரு. அது ஒரு உதறு உதறி, செருப்பை வாயில கவ்விக்கிட்டுப் போய் சோபாவுக்கு அடியில போட்டுட்டு வந்துச்சு.

துரைன்னு பேரு வச்சது நான்தான். ஜன்னலோரம் உக்காந்து தெருவைப் பார்க்குற தோரணை அப்படி. அரிசி மூட்டைக்குக் கால் முளைச்ச மாதிரி உடம்பு. அவருக்குச் செல்லம். எனக்கும் அதுக்கும் ஏழாம் பொருத்தம். நான் சோறு வைப்பேன், அது திங்கும், அதோட சரி.

அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணி நாலு மாசம் ஆச்சு. பஸ் ஓட்டிக்கிட்டிருந்த மனுஷன், கட்டில்ல படுத்து சுவத்தையே பார்த்துக்கிட்டுக் கிடந்தாரு. அப்ப துரைதான் காலடியில கிடந்துச்சு. "நான் எழுந்து நடமாடினா, உன்னை மலை மேல இருக்குற ஏரிக்குக் கூட்டிட்டுப் போறேன்டா"ன்னு அது கிட்ட சொல்லுவாரு. எங்கிட்ட ஒரு நாளும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை, அது வேற விஷயம். இப்ப டாக்டர், தாராளமா நடங்க, கனம் மட்டும் தூக்காதீங்கன்னு சொல்லிட்டாரு. போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவுல ஏரிக்கரையில ஒரு நாள்னு திட்டம் போட்டுட்டாரு. கூட வர்றதுக்கு அவரோட கண்டக்டர் ஒத்துக்கிட்டான்.

அனுமதி வாங்க போன் பண்ணப்ப வனத்துறை ஆபீஸ்ல இருந்தவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "வழியில நாய்க்குக் கால் சுளுக்கிச்சுன்னா யாரு தூக்குவீங்க? தூக்க ஆள் இல்லைன்னா நாயைக் கூட்டிட்டு வராதீங்க." அதுக்கென்ன, கண்டக்டர் இருக்கான், ஆள் கடா மாதிரி இருப்பான்னு இவரும் சொல்லிட்டாரு.

கிளம்புறதுக்கு முந்தின நாள் காலையில கண்டக்டர் போன் பண்றான். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. குளிக்குற இடத்துல வழுக்கி இடுப்பு பிடிச்சுக்கிச்சு. நிமிரவே முடியல." நான் என்னத்தைக் கோவிச்சுக்க? வெந்நீர் ஒத்தடம் குடுடான்னு சொல்லிட்டு போனை வச்சேன். கேட்டுக்கிட்டிருந்த இவர் எழுந்து உள்ள போனாரு.

ரொம்ப நேரமா சத்தமே இல்லையேன்னு எட்டிப் பார்த்தா, மனுஷன் குனிஞ்சு, துரையோட வயித்துக்கு அடியில ரெண்டு கையையும் விட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறாரு.

"விடுங்க அதை!"

கையும் களவுமா பிடிபட்டவர் முழிச்ச முழி இருக்கே! "சும்மா, எவ்வளவு கனம்னு பார்த்தேன்."

"கனம் பார்க்குறீங்களா? நெஞ்சைத் தைச்சு எடுத்துட்டு வந்தது எதுக்கு, நாயைத் தூக்கிப் பிரிச்சுக்கவா? ஆஸ்பத்திரி வராண்டாவுல பெஞ்சுல உக்காந்து கிடந்தது நான்தானே, உங்களுக்கு என்ன தெரியும்? மயக்க மருந்துல சுகமா தூங்கிக்கிட்டு இருந்தீங்க." கத்திட்டேன். துரை பயந்து போய் கட்டிலுக்கு அடியில நுழைஞ்சுடுச்சு.

அவர் முகம் சுருங்கிப் போச்சு. அதைப் பார்க்கவும் எனக்குச் சகிக்கல. "நான் தூக்குறேன்"னு வாயில வந்துடுச்சு. "நானும் வர்றேன்."

நான் ஓட்டல் சலவைக்கூடத்துல வேலை பார்க்குறவ. மெஷினை விட்டு வர்ற ஈர பெட்ஷீட்டையும் துண்டையும் நாள் முழுக்கத் தூக்கித் தூக்கி என் தோள் மரத்துக் கிடக்கு. அதனால கனத்தைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். காய்ஞ்ச எடையை நம்பவே கூடாது. போற வழியில ரெண்டு ஓடை இருக்குன்னு சொன்னாங்க. ஓடையில இறங்கின நாய் எப்படிக் கனக்கும்? "முதல்ல அதை நனைங்க"ன்னேன்.

"என்னது?"

"நனைங்கன்னா நனைங்க."

குளியலறையில வச்சு ரெண்டு வாளி தண்ணி ஊத்தினாரு. துரை எங்களை மாத்தி மாத்திப் பார்த்துச்சு. பைத்தியம் முத்திப் போச்சுன்னு நினைச்சிருக்கும். அப்படியே வெளிய ஓடி வந்து, கட்டி வச்சிருந்த பை, மடிச்சு வச்சிருந்த கம்பளி, டென்ட் எல்லாத்து மேலயும் ஒரு சிலுப்பு சிலுப்புச்சு பாருங்க. போச்சு. காலையில இருந்து மடிச்சது அத்தனையும் மறுபடி கொடியில. எனக்கு வந்த ஆத்திரத்துல சிரிப்பும் வந்துடுச்சு. அவரும் சிரிச்சாரு. அந்த மனுஷன் வாய் விட்டுச் சிரிச்சு எத்தனை நாளாச்சுன்னு அப்பத்தான் உறைச்சுது.

பழைய கெட்டி பெட்ஷீட்டை நாலா மடிச்சு, துரையை அதுல உக்கார வச்சு, என் முதுகோட சேர்த்துக் கட்டினோம். கட்டுறது மட்டும்தான் அவர் வேலை. நான் முட்டி போட்டு, சுவத்தைப் பிடிச்சு, எழுந்தேன். ஆத்தாடி! மூணாவது மாடியில இருக்குற எங்க வீட்டுல இருந்து கீழ இறங்கி, திரும்ப மேல ஏறணும்னு பேச்சு. இறங்குறப்ப ஒண்ணும் தெரியல. ஏறுறப்ப நாக்கு தள்ளிடுச்சு. கீழ் வீட்டம்மா கதவைத் திறந்து, "ஐயோ, நாய்க்கு என்னாச்சு?"ன்னாங்க.

"அதுக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் ஆகப் போகுது."

ரெண்டாவது மாடித் திருப்பத்துல நின்னு மூச்சு வாங்கினேன். அதுவரைக்கும் திமிறிக்கிட்டு இருந்த துரை, என் தோள் மேல தாடையை வச்சு, ஒரு பெருமூச்சு விட்டு, அடங்கிப் போச்சு. காதுகிட்ட சூடா மூச்சு. இத்தனை வருஷத்துல எங்கிட்ட இப்படி வந்து சாஞ்சதே இல்ல. "பயப்படாதடா, விட மாட்டேன்"னு சொல்லிக்கிட்டே மிச்சப் படியும் ஏறிட்டேன்.

கதவுகிட்ட நின்ன அவருக்குத் தலைகால் புரியல. "ஜெயிச்சுட்டோம்! இனிமே என்ன, கிளம்ப வேண்டியதுதான்!"

முடிச்சை அவிழ்த்து துரையை இறக்கினாரு. அப்படியே தரையில உக்காந்துட்டேன். உக்காந்ததும் அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

"இதை நான் தூக்கிடுவேங்க. அங்க நடுக்காட்டுல உங்களுக்கு ஒண்ணுன்னா, உங்களை நான் எப்படித் தூக்குவேன்?"

அவர் என்னைச் சமாதானம் பண்ண ஏதாவது பொய் சொல்லுவாருன்னு நினைச்சேன். சொல்லல. பக்கத்துல வந்து உக்காந்தாரு. "தூக்க முடியாது"ன்னாரு. "போக வேண்டாம். நீ பயந்துக்கிட்டே என் பின்னாடி நடக்குறதுக்குப் பேரு ஊர் சுத்துறதா?"ன்னு எழுந்து, துரையோட பையில இருந்து கிண்ணத்தை எடுத்து வெளிய வச்சாரு. அடுத்தது பிஸ்கட். அப்புறம் கால்ல சுத்துற கட்டுத்துணி. கோவம் கீவம் ஒண்ணும் இல்ல, ஒவ்வொண்ணா எடுத்து அடுக்கினாரு. கட்டில்ல சுவத்தைப் பார்த்துக் கிடந்த அதே முகம்.

என்னால தாங்க முடியல. போனை எடுத்து நானே வனத்துறை ஆபீசுக்குப் பண்ணேன். ஜீப் எது வரைக்கும் வரும்னு கேட்டேன். மலையேறுறவங்க தங்க வழியில கட்டியிருக்குற முதல் குடில் வரைக்கும் வரும், அவசரம்னா நாங்களே அனுப்புவோம், அதுக்கு மேல நடைதான்னாங்க.

"முதல் குடில் வரைக்கும் நடப்போம். அங்கேயே தங்குவோம். அதுக்கு மேல ஒரு அடி கூட வேண்டாம்"னேன். "ஆனா உங்க ஏரிதான்…"

கிண்ணத்தைத் திரும்பப் பைக்குள்ள வச்சுக்கிட்டே, "ஏரி எங்க போயிடப் போகுது? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"னாரு.

"அதுவரைக்கும் நீங்களும் எங்கயும் போயிடாதீங்க"ன்னேன்.

அவர் துண்டை எடுத்துட்டு வந்து, நனைஞ்சிருந்த என் தோளை மெதுவா துடைச்சு விட்டாரு.