வழியில் வண்டி நின்றதா?

அவளைக் கொசு என்று முதலில் கூப்பிட்டது யார் என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. வீடு வீடாகப் போய் ஊசி குத்தி, ரத்தம் எடுத்து, ஆய்வகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. அந்த வேலைக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? முதலில் கோபித்துக்கொண்டாள். பிறகு பழகிவிட்டது. இப்போது போனில் அவளே "கொசு பேசறேன்" என்கிறாள். ஆனால் நிஜக் கொசுவுக்கு ஒரு வசதி உண்டு, அதற்குச் சொந்தமாக இறக்கை இருக்கிறது. இவளுக்கு ஆய்வகம் கொடுத்திருப்பது ஒரு பேட்டரி சைக்கிள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு மாதம் அந்த வண்டி தங்கமாக ஓடியது. அப்புறம் குளிர் வந்தது. காலையில் கிளம்பும்போது திரையில் நூறு காட்டும், மூன்றாவது வீட்டில் நாற்பது காட்டும், ஐந்தாவது வீட்டு வாசலில் பல்லை இளித்துக்கொண்டு படுத்துவிடும். விரல்கள் மரத்துப்போய், ஊசி எது விரல் எது என்று தெரியாத நிலையில் அவள் அதைத் தள்ளிக்கொண்டு வருவாள். பேட்டரிக்குக் குளிர் ஆகாது என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து ராத்திரி அதைக் கழற்றிக் கொண்டுவந்து படுக்கையறையில், கட்டிலோரம், பழைய ஸ்வெட்டர் சுற்றி வைத்தாள். அவள் கணவன் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தான். மூன்றாம் நாள், "எனக்கு ஜுரம் வந்தப்பகூட நீ இப்படிப் போத்திவிடலையே" என்றான்.

மேற்பார்வையாளரிடம் முறையிட்டாள். அவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் புள்ளிவிவரம். எதைக் கேட்டாலும் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுவார்.

"குளிர்ல எல்லாப் பேட்டரியும் அப்படித்தாம்மா. வெயில் வரட்டும், சரியாயிடும்."

வெயில் வந்தது. பேட்டரி சரியாயிற்று, மோட்டார் படுத்தது. உச்சி வெயிலில் ஏழெட்டு கிலோமீட்டர் ஓடினால் திரையில் சிவப்பாக ஒரு தெர்மாமீட்டர் படம் எரியும். அவ்வளவுதான், கதை முடிந்தது. மறுபடி முறையிட்டாள்.

"வெயில்ல எல்லா மோட்டாரும் அப்படித்தாம்மா. கொஞ்சம் குளிரட்டும், சரியாயிடும்."

"வருஷத்துல ரெண்டு மாசம் மட்டும் ஓடறதுக்குப் பேரு வண்டியா சார், விருந்தாளியா?"

அவர் சிரிக்கவில்லை, கம்ப்யூட்டரைத் திருப்பினார். ரத்தம் கொண்டுவந்து கொடுக்கும்போது ஒவ்வொரு ட்யூபுக்கும் ஒரு சீட்டு எழுத வேண்டும். பெயர், எடுத்த நேரம், சேர்த்த நேரம், கடைசியில் ஒரு கேள்வி: வழியில் வண்டி நின்றதா? ஆம், இல்லை. ஒரு வருஷத்தில் ஐந்து 'ஆம்' விழுந்தால் வண்டியை மாற்றித் தரவேண்டும் என்பது விதி. கொசுவின் கணக்கில் அதற்குள் நான்கு விழுந்திருந்தது. மற்றப் பதினொரு பேர் கணக்கில் ஒன்றுகூட இல்லை.

"பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி வண்டிதான் ஓட்டறீங்க. பதினொரு பேருக்கு நிக்காதது உனக்கு மட்டும் நிக்குதுன்னா, கோளாறு வண்டியிலதான் இருக்கா?"

பக்கத்தில் நின்ற நெட்டை, ஆறடி உயரத்துக்கு வளர்ந்த சக ஊழியன், வாயைத் திறக்காமல் தரையைப் பார்த்தான். கொசுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜால்ரா கூட்டம்! நல்ல பிள்ளை பெயர் வாங்குவதற்காக இப்படியா வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்? அன்றிலிருந்து நெட்டையோடு அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

'ஆம்' போடுவதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. வண்டி வழியில் நின்றால், ட்யூப் வைக்கிற ஐஸ் பெட்டிக்குள் குளிர்ச்சி சரியாக இருந்ததா என்பது சந்தேகம் என்று அந்த ரத்தத்தைக் குப்பையில் கொட்டிவிடுவார்கள். ஒரு மணி நேரக் கெடுவுக்குள் வந்திருந்தாலும் சரிதான். மறுநாள் போய்த் திரும்ப எடுக்க வேண்டும். நான்கு தடவையில் மூன்று பேர் முணுமுணுத்துக்கொண்டே கையை நீட்டினார்கள். அவர்களுக்கு நரம்பு கயிறு மாதிரி புடைத்துக்கொண்டு இருந்தது. நான்காவது ஆள்தான் டிரைவர் ஐயா.

முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். அது கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. ரத்தத்தைப் பார்த்துத்தான் அளவு சொல்வார்கள். அவர் கையில் நரம்பு என்று ஒன்று இருப்பதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டும். குளிர்காலத்தில் ஒரு நாள், அவரிடம் பாடுபட்டு எடுத்த ரத்தத்தோடு வரும்போது வண்டி நின்றது. மிதித்தே வந்து நேரத்துக்குச் சேர்த்தாள். நேர்மையாக 'ஆம்' போட்டாள். கொட்டிவிட்டார்கள். மறுநாள் ஐந்து இடத்தில் குத்தினாள். அவர் புறங்கை கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியது. அவ்வளவு பெரிய மனிதர் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுததை அவளால் இன்னமும் மறக்க முடியவில்லை.

இந்தத் தடவை, வெயில் உச்சத்தில், அவர் கையை நீட்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"இதாம்மா கடைசி. இதுவும் வீணாப்போச்சுன்னா இனிமே என் கையைத் தொடக் கூடாது. மாத்திரையை நானே குத்துமதிப்பாப் போட்டுக்கறேன்."

"அப்படியெல்லாம் பேசாதீங்கய்யா."

"அவர் சொன்னாச் செய்வாரும்மா" என்றாள் அவர் மனைவி, கதவோரம் நின்றபடி. "நேத்துலேர்ந்து தூங்கலை."

மாத்திரை சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் காலைக் குளுமையில் வர வழியில்லை. அவர் கையை வெந்நீர்த் துணியால் ஒற்றி, தட்டி, கெஞ்சி, மூன்றாவது குத்தில் ரத்தம் வந்தது. சொட்டுச் சொட்டாக ட்யூப் நிறைவதைப் பார்த்தபோது அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மணி பன்னிரண்டு ஐந்து. ஆய்வகம் பதினோரு கிலோமீட்டர். ஒன்று ஐந்துக்குள் சேர்க்க வேண்டும்.

"என் பஸ்ஸு ஒரு நாளும் வெயிலுக்கு நின்னதில்ல" என்று வாசல்வரை குரல் கொடுத்தார் டிரைவர் ஐயா.

தார் ரோடு இளகிக் கிடந்தது. எதிர்க்காற்று அடுப்பைத் திறந்தாற்போல முகத்தில் அடித்தது. அவள் நிழலைத் தேடித் தேடி ஓட்டினாள், ஏற்றத்தில் வேகத்தைக் குறைத்தாள், வண்டியை மனதுக்குள் கொஞ்சினாள். கண்ணே, ராஜா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் காலை வாரிவிடாதே. ராஜா ஏழு கிலோமீட்டர் கேட்டது. பன்னிரண்டு முப்பதுக்கு, மேம்பாலம் ஏறுவதற்குச் சற்று முன்னால் சிவப்புத் தெர்மாமீட்டர் எரிந்தது.

"சனியனே!" என்று கத்தினாள். பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து மோட்டார் மேல் போட்டாள். சுர்ரென்றது. திரை உயிர் பெற்றது. ஏறி உட்கார்ந்தாள், இருநூறு அடி ஓடியது, மறுபடி செத்தது. தண்ணீரும் தீர்ந்தது. பெட்டிக்குள் ஐஸ் பைகள் இருந்தன. அதில் ஒன்றை எடுத்து வைத்தால் மோட்டார் குளிரும், ஆனால் ட்யூப் சுடும். பெட்டியைத் திறக்கப் போன கையை இழுத்துக்கொண்டாள். புள்ளிவிவரத்துக்குப் போன் போட்டாள்.

"சார், நின்னுடுச்சு. டாக்ஸி பிடிச்சு வரட்டுமா?"

"வேற வண்டியில ஏத்தக் கூடாதும்மா, விதி இருக்கு. இருபது நிமிஷம் நிழல்ல நிறுத்து. தானா வந்துடும்."

"அது வந்துடும் சார். நான் வந்து சேர வேண்டாமா?"

அவர் பதில் சொல்வதற்குள் துண்டித்தாள். இருபது நிமிஷம் நின்றுவிட்டு, அதன்பிறகும் அது ஓடாவிட்டால்? மிதிப்பதென்று முடிவு செய்தாள்.

மோட்டார் செத்த பேட்டரி சைக்கிளை மிதித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கனம் தெரியும். வண்டி நம்மைச் சுமப்பதில்லை, நாம்தான் வண்டியைச் சுமக்கிறோம். பாலத்தின் ஏற்றத்தில் இறங்கித் தள்ளினாள். உச்சி மண்டை காய்ந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பின்சீட்டில் அப்பாவை ஏற்றிக்கொண்டு பைக்கில் போன ஒருத்தன் ஏதோ பாட்டுப் போட்டபடி அவளைத் தாண்டிப் போனான்; அவன்மேலும் கோபம் வந்தது. வண்டி மேல், வெயில் மேல், விதி எழுதியவன் மேல், இந்த வேலையில் சேரச் சொன்ன கணவன் மேல், எல்லார் மேலும் வந்தது. கோபம் இருந்ததால்தான் கால் சுழன்றது என்றுகூடச் சொல்லலாம். இறக்கத்தில் கொஞ்சம் மூச்சு விட்டாள். மறுபடி மிதித்தாள்.

ஒன்று இரண்டுக்கு ஆய்வகத்துக்குள் நுழைந்தாள். ஐம்பத்தேழு நிமிஷம்! பெட்டியின் உள்ளே கை வைத்தாள், ஜில்லென்று இருந்தது. ட்யூபைக் கவுன்டரில் வைத்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது.

புள்ளிவிவரம் கவுன்டருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். சீட்டையும் பேனாவையும் அவரே நகர்த்தி வைத்தார்.

"இது அஞ்சாவது, இல்ல?" என்றார் மெதுவாக. "நீ போன்ல சொன்னதை நான் எங்கயும் எழுதல. சீட்டுல என்ன இருக்கோ அதான் கணக்கு. 'ஆம்' போட்டா உனக்குப் புது வண்டி வந்துடும். உன் இஷ்டம்."

குளிர்காலத்திலிருந்து அவள் காத்திருந்த ஐந்தாவது 'ஆம்'. ஒரு கோடு இழுத்தால் போதும், இனி கட்டிலோரம் பேட்டரிக்குப் போர்த்திவிட வேண்டாம், பாலத்தில் தள்ள வேண்டாம், கோளாறு வண்டியிலதான் இருக்கா என்று யாரும் கேட்க முடியாது. அவள் சொன்னதெல்லாம் உண்மை என்று காகிதத்தில் ஏறிவிடும். ட்யூப் மட்டும் குப்பைக்குப் போகும்.

கவுன்டர் பெண் ட்யூபைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் இவள் முகத்தைப் பார்த்தாள்.

கொசு பேனாவை அழுத்திப் பிடித்து, 'இல்லை' என்பதற்கு நேராகக் கோடு போட்டாள். தன் கையாலேயே தன்னைப் பொய்க்காரி ஆக்கிக்கொண்டதைப் போல அவமானமாக இருந்தது. ட்யூப் உள்ளே போயிற்று.

"பாத்தியா, ஓடுது" என்றார் புள்ளிவிவரம்.

அவள் திரும்பினாள். வரிசையில் அடுத்து நெட்டை நின்றிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, முகம் சிவந்து கிடந்தது, நாய் மாதிரி இரைத்துக்கொண்டிருந்தான். மோட்டாரில் வந்தவன் இப்படி இரைக்கமாட்டான். அவள் அவனையே பார்த்தாள். பிறகு, அன்றைய சண்டைக்கு அப்புறம் முதல் தடவையாகப் பேசினாள்.

"எங்க நின்னுச்சு?"

"ரயில்வே கேட்டுக்கிட்ட." அவன் பேனாவை எடுத்துக்கொண்டான். "பொறந்து இருபது நாள் ஆன குழந்தையோட ரத்தம். இன்னொரு தடவை குத்த எனக்கு மனசு வராது."

சொல்லிக்கொண்டே 'இல்லை'யில் கோடு போட்டான்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ரெண்டு வருஷமா. எல்லாருந்தான்."

ஜால்ரா என்று அவள் மனதுக்குள் திட்டிய பதினொரு முகங்களும் வரிசையாக வந்தன. ஒவ்வொருவருக்கும் எங்கோ ஒரு டிரைவர் ஐயா இருந்திருக்கிறார். மேஜை மேலிருந்த தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். அது காலியாக இருந்தது.

உள்ளறையில் புள்ளிவிவரம் யாரோ பெரியவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமா சார், நாப்பத்தோரு டிகிரி வெயில்ல. பன்னிரண்டு வண்டியும் ஓடுச்சு சார். ஒண்ணுகூட நிக்கலை."